மடியில் பிடித்துக்கொண்டால் போதுமா?

"இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், டாக்டர்." விபத்து சிகிச்சைப் பிரிவில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சென்ற வாரம் இன்னொரு தாயும் இதையே சொன்னபோது, இனியும் எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. காரின் பின் இருக்கையில் சீட் பெல்ட் அணியாமல் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தவர் அவர். அவருடைய கவனத்தில் குறையே இல்லை. கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கைதான் தவறு.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் கார், ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடும். நிற்பது கார்தான்; பெல்ட் அணியாதவர்கள் அதே வேகத்தில் முன்னே பாய்வார்கள். அப்போது 10 கிலோ எடையுள்ள குழந்தையைத் தடுத்து நிறுத்த, சுமார் 140 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு வலு வேண்டும். எந்தப் பயில்வானுக்கும் அது முடியாது; அதற்கு முன்பே, கை இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். தாயும் பெல்ட் அணியாவிட்டால், முன் இருக்கைக்கும் தாயின் உடலுக்கும் நடுவே நசுங்குவது அந்தக் குழந்தைதான். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். அப்படிப் போட்டால், தாயின் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து அழுத்தும். பின் சீட்தானே என்பவர்களுக்கு ஒன்று: பெல்ட் அணியாமல் பின்னால் இருப்பவர் பாய்ந்து மோதியே முன்னால் இருப்பவர் இறந்துபோவதும் உண்டு.

பெல்ட் அழுத்திய கன்றல் தோளிலிருந்து இடுப்புவரை பதிந்திருப்பதைப் பார்த்து, "பெல்ட்டால்தான் இந்தக் காயம்" என்று உறவினர்கள் பதறுகிறார்கள். அந்தத் தடம் வயிற்றில் இருந்தால் குடலில் காயம் இருக்கிறதா என்று நாங்களும் தேடுகிறோம். ஆனால் தலை கண்ணாடியில் மோதாமல் காத்ததும் அதே பெல்ட்தான்.

சீட் உறைக்கு அடியில் பக்கிளைப் புதைத்து வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். எச்சரிக்கை ஒலியை அடக்கப் போலிக் கொக்கியைச் செருகி வைத்திருந்தால் தூக்கி எறியுங்கள். அதற்குச் சொல்லும் எந்தச் சமாதானத்தையும் கேட்கும் பொறுமை எனக்கில்லை. பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல; கர்ப்பிணிகள் அதை வயிற்றுக்குக் கீழே அணிய வேண்டும். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பொருத்தப்படும் குழந்தை இருக்கையே சரி. ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். குழந்தை பாலுக்கு அழுதால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுக் கொடுங்கள். தயவுசெய்து, ஓடும் காரில் பெல்ட்டை அவிழ்த்துக் குழந்தையைக் கையில் எடுக்காதீர்கள்.