ரீத்து என்றால் பிரிவா?

உக்ரைனைப் பற்றிய மொழிபெயர்ப்புச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் "கிரேக்க நாட்டுக் கத்தோலிக்கப் பிரிவினர்" நிறைய வாழ்கிறார்கள் என்றிருந்தது. லிவிவ் நகரத்தில் இத்தனை கிரீஸ்காரர்களுக்கு என்ன வேலை என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, திருத்தியவருக்கும் தோன்றவில்லை. அந்த நான்கு சொல்லில் இரண்டு பிழை. 'நாட்டு' பிழை என்றால் எல்லோரும் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். 'பிரிவினர்' பிழை என்றால்தான் சண்டைக்கு வருகிறார்கள். எத்தனையோ தடவை வாயால் போட்ட சண்டை, இந்த முறை எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கர்களிடம் இதற்கு ஒரு சொல் உண்டு: ரீத்து. "அவங்க மலங்கரை ரீத்து, நாங்க லத்தீன் ரீத்து" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். மூலம் இலத்தீன் 'ரீத்துஸ்'. வழக்கமாகச் செய்துவரும் முறை, சடங்கு என்று பொருள். மலையாளத்தில் அது ரீத்து. நம் தெற்கு எல்லையிலும் அதுவே புழங்குகிறது. (மலையாளத்தில் மலர் வளையத்துக்கும் ரீத்து என்றே பெயர். அது ஆங்கிலத்திலிருந்து வந்த வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 'ரீதி'யும் 'ரீத்து'வும் ஒன்றுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். வடமொழி ரீதிக்கு 'ஓடு, பாய்' என்ற பொருளுள்ள வேர் சொல்கிறார்கள். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவுமுறை கட்டத் தேவையில்லை. சரி, வேர் இத்தோடு போதும்.

பொருள்தான் முக்கியம். கத்தோலிக்கத் திருச்சபை ஒற்றைச் சபை போல வெளியே தெரிந்தாலும், உள்ளே 24 திருச்சபைகள் இருக்கின்றன. இலத்தீன் திருச்சபை ஒன்று, கீழைத் திருச்சபைகள் 23. எல்லாம் போப்பாண்டவரோடு ஒன்றிப்பில் இருப்பவை, எல்லாம் சம மதிப்புள்ளவை. கீழைத் திருச்சபைகளுக்கென்று 1990-இல் வெளியான சட்டத்தொகுப்பு, 28-ஆம் விதியில், ரீத்து என்பதற்கு விளக்கம் தருகிறது. வழிபாடு, இறையியல், ஆன்மிகம், ஒழுங்குமுறை ஆகிய நான்கும் சேர்ந்த பரம்பரைச் சொத்து அது. மக்களின் பண்பாட்டாலும் வரலாற்றுச் சூழலாலும் வேறுபட்டு வளர்ந்தது. அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, ஆர்மேனியா, கல்தேயா, கான்ஸ்டாண்டிநோபிள் என்று ஐந்து ஊற்றுகளையும் அந்த விதியே பெயர் சொல்லிக் காட்டுகிறது.

இதைப் போய்ப் 'பிரிவு' என்றால் எப்படி? பிரிவு என்ற சொல் கேட்டவுடன் யாரோ யாரையோ விட்டுப் பிரிந்தார்கள் என்றுதான் காதில் விழும். மதத்தைப் பற்றிய பேச்சில் அது இன்னும் கூர்மை. கத்தோலிக்கர்களே ஒரு காலத்தில் புரோட்டஸ்டண்ட்டுகளைப் 'பிரிவினை சபையார்' என்றார்கள். பிறகு மனம் இளகி 'பிரிந்த சகோதரர்' ஆக்கினார்கள். அதே சொல்லை எடுத்து, ரோமையோடு ஒன்றிப்பில் இருப்பவர்களின் நெற்றியில் ஒட்டினால் பொருள் தலைகீழாகிவிடாதா? மாரோனைத்துகள் என்ற கீழைத் திருச்சபையினர் லெபனானின் மலைகளில் நூற்றாண்டுகளாக இருந்துவருகிறார்கள், தாங்கள் ரோமையைவிட்டுப் பிரிந்ததே இல்லை என்பது அவர்களுடைய பெருமை. அவர்களிடம் போய் "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று கேட்டுப் பாருங்கள்.

என் நண்பர் ஒருவர், பத்திரிகையில் இருப்பவர், மறுப்பார்: "ஆபீஸில் கணக்குப் பிரிவு என்கிறோம், சட்டத்தில் பிரிவு 144 என்கிறோம். அங்கெல்லாம் யார் யாரை விட்டுப் பிரிந்தார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குப் பிரிவு என்பது மேலே ஒருவர் உட்கார்ந்து ஒரு முழுமையை வெட்டிப் பங்கு போட்டது. ரீத்துகள் அப்படி வெட்டியவை அல்ல. ரோமையில் ஒரு முறை இருந்த காலத்திலேயே அந்தியோக்கியாவிலும் அலெக்சாந்திரியாவிலும் வேறு முறைகள் தாமாகவே வளர்ந்துகொண்டிருந்தன. ஒரு மரத்தின் கிளைகள் என்று சொல்வதுகூட சரியாகாது. ஒரே தோப்பில் தனித்தனியே வேர்விட்ட மரங்கள் அவை. நண்பர் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்: "தலைப்பில் இடம் இல்லை." எழுத்தை எண்ணிப் பார்க்கட்டும். 'பிரிவு' மூன்று எழுத்து, 'மரபு' மூன்று எழுத்து.

ஆம், என் வாக்கு மரபுக்கு. திருச்சபைத் தமிழில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் 'வழிபாட்டு முறை' என்று எழுதுகிறார்கள். பிரிவைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் சட்டை சின்னது. உக்ரைனில் திருமணமான ஆணுக்கும் குருப்பட்டம் உண்டு. இலத்தீன் திருச்சபையில் பொதுவாக இல்லை. இது வழிபாடு இல்லை, ஒழுங்குமுறை. ஆனாலும் ரீத்துவுக்குள் அடக்கம். இலத்தீன்காரர்களுக்குத் தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. கேரளத்துக் கீழைத் திருச்சபையான சீரோ மலபார்காரர்கள் அதற்கு முந்தைய திங்களிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அதிலாவது வழிபாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயர்களை, அதாவது பிஷப்புகளை, தேர்ந்தெடுக்கும் விதம்? அதை எந்த வழிபாட்டில் சேர்ப்பது? 'மரபு' இத்தனையையும் சுமக்கும். தொல்காப்பியத்தின் கடைசி இயலே மரபியல்தான். வழிவழியாக வந்தது, இன்னதற்கு இன்னது என்று வழங்குவது என்ற இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்குள் முன்பே இருக்கின்றன.

இனி அந்த 'நாட்டு'. கிரேக்கக் கத்தோலிக்கர் என்பதில் கிரேக்கம் மக்களைக் குறிக்கவில்லை. 1596-இல் பிரெஸ்ட் நகரத்தில் கீவ் தலைமையின் கீழிருந்த ஆயர்கள், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த தங்கள் வழிபாட்டை வைத்துக்கொண்டே ரோமையோடு ஒன்றிப்புக்கு வந்தார்கள். அப்போது அவர்களுடைய வழிபாட்டு மொழிகூட கிரேக்கம் இல்லை, பழைய ஸ்லாவோனிக். 'கிரேக்கக் கத்தோலிக்கர்' என்ற பெயரை 1774-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா. தன் ஆட்சியில் இருந்த ரோமன் கத்தோலிக்கர், ஆர்மேனியக் கத்தோலிக்கர் ஆகியோரோடு இவர்களையும் சமமாக நிறுத்த ஒரு பெயர் தேவைப்பட்டது. அன்று லெம்பர்க் என்று வழங்கிய லிவிவில் பின்னாளில் இந்த மூன்று மரபுக்கும் மூன்று கத்தோலிக்கப் பேராயர்கள் இருந்தார்கள். ஒரே ஊர், ஒரே போப்பாண்டவர், மூன்று பேராயர். இதில் எவர் எந்த நாட்டுக்காரர் என்று பிரிக்கப் போனால் தலைதான் சுற்றும்.

இன்னும் சுற்ற வேண்டுமா, லெபனானுக்கு வாருங்கள். அங்கே 'ரூம் கத்தோலிக்' என்று ஒரு சமூகம். 'ரூம்' என்றால் அரபியில் ரோமர். நம் மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு 'ரோமன் கத்தோலிக்கர்' என்று போடுவார். ஆனால் அந்த 'ரோமர்' இரண்டாம் ரோமையான கான்ஸ்டாண்டிநோபிளின் மரபினர். அதாவது மெல்கைத்துகள், பிற இடங்களில் கிரேக்கக் கத்தோலிக்கர் என்று எழுதப்படுபவர்கள். பேசுவது அரபி. அசல் ரோமையின் மரபில் இருப்பவர்களுக்கு அங்கே 'லாத்தீன்' என்று பெயர். ஆக, கிரேக்கர் என்று எழுதப்படுபவர் அரபி பேசுகிறார், தம்மை ரோமர் என்கிறார், சேர்ந்திருப்பது அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தையோடு. 'நாட்டு' என்ற ஒட்டு இங்கே எதைத் தாங்கும்?

வீட்டுக்குப் பக்கத்திலும் இதே கதைதான். 'சிரியன் கத்தோலிக்கர்' என்றதும் சிரியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதுகிறார்கள். மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரிடம் சென்னையில் ஒருவர் "உங்க பூர்வீகம் சிரியாவா?" என்று கேட்டதை நானே கேட்டேன். அவர் சிரித்தபடி, "பூர்வீகம் குழித்துறை" என்றார். இங்கே குறிப்பது நாட்டை இல்லை, மொழியை. அரமேயத்தின் ஒரு வடிவம் அது, எதேசா நகரத்தில் வளர்ந்தது. அந்த நகரம்கூட இன்றைய சிரியாவில் இல்லை, துருக்கியில் இருக்கிறது. மலையாளிகள் இதில் புத்திசாலிகள்: நாட்டுக்குச் சிறியா, மொழிக்குச் சுறியானி என்று இரண்டாக வைத்திருக்கிறார்கள். நாமும் 'சுரியானி' என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். அந்நியச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சிரியன் மட்டும் சங்க இலக்கியத்திலிருந்து வந்ததா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நான்கு கத்தோலிக்க மறைமாவட்டங்கள், அதாவது ஆயர் ஒருவரின் பொறுப்பில் இருக்கும் பகுதிகள். 1930-இல் உருவான கோட்டாறும், அதிலிருந்து 2014-இல் பிரிந்த குழித்துறையும் இலத்தீன் மரபு. (பாருங்கள், இங்கே 'பிரிந்த' சரியாகப் பொருந்துகிறது.) தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரை, இரண்டும் 1996-இல் வந்தவை. தக்கலைக்காரர்களுக்குக் கிழக்குச் சுரியானி மரபு, மார்த்தாண்டத்துக்கு மேற்குச் சுரியானி. பேச்சும் தோட்டமும் சந்தையும் எல்லோருக்கும் ஒன்றே. இவர்களை 'இனம்' என்று எழுதியவர்களும் உண்டு. இனத்தை வைத்து அமைந்த மறைமாவட்டம் கேரளத்தில் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 1911-இல் கினானாயச் சமூகத்துக்கென்றே கோட்டயத்தில் ஏற்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோருக்கும் மரபு மற்றச் சீரோ மலபார்காரர்களின் அதே கிழக்குச் சுரியானிதான். இனம் வேறு, மரபு ஒன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வித்தியாசத்தை எப்படித்தான் எழுதுவது?

ஒன்றை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'சீரோ மலபார் ரீத்து' என்று ஊரில் சொல்வதே கொஞ்சம் தளர்வான பேச்சு. சீரோ மலபார் என்பது திருச்சபையின் பெயர். அதன் மரபை ஈராக்கின் கல்தேயத் திருச்சபையும் பகிர்ந்துகொள்கிறது. பைசாந்திய மரபை, அதாவது கான்ஸ்டாண்டிநோபிளின் மரபை, பகிர்ந்துகொள்ளும் திருச்சபைகள் பத்துக்கும் மேல். அதனால் திருச்சபைக்குத் திருச்சபை, மரபுக்கு மரபு என்று தனித்தனியாக எழுத வேண்டும். இப்படித் தன் சட்டப்படி நடக்கும் திருச்சபையைச் சிலர் 'சுயாதீன சபை' என்று எழுதுவது அடுத்த கூத்து. நம் ஊரில் சுயாதீன சபை என்றால் யாரோடும் சேராமல் போதகர் ஒருவர் தனியாக நடத்தும் சபை என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'தன்னுரிமைத் திருச்சபை' போதும். 'திருஅவை' என்றும் எழுதலாம். சபை வடமொழி என்று அதைக் கொண்டுவந்தார்கள், ஆனால் அவையே சபையிலிருந்து வந்ததுதான் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த வம்பில் நான் இறங்கவில்லை.

2010-இல் இராமநாதபுரத்தில் ஒரு சீரோ மலபார் மறைமாவட்டம் வந்தது. கடலோர இராமநாதபுரத்தில் மலையாளிகள் எப்படி என்று வியந்துகொண்டிருக்க வேண்டாம், அது கோயம்புத்தூருக்குள் இருக்கும் இராமநாதபுரம். அதைப் பற்றி எழுதும்போதாவது 'சிரியா நாட்டுப் பிரிவு' என்று போடாமல், கிழக்குச் சுரியானி மரபு என்று எழுதுங்கள். உக்ரைன் செய்திக்கும் 'பைசாந்திய மரபுக் கத்தோலிக்கர்' போதும். கிரீஸ்காரர்கள் கிரீஸிலேயே இருந்துகொள்வார்கள்.