செல்ல எலிக் குட்டிகளுக்கு வீடு பார்ப்பது: காத்திருப்புப் பட்டியலை நான் வைத்திருக்கும் விதம்

எலி சினைப்பட்டால் 21 முதல் 23 நாளுக்குள் குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகள் இன்னொரு வீட்டுக்குப் போக குறைந்தது ஆறு வாரம் ஆக வேண்டும், எட்டு வாரம் ஆனாலும் தப்பில்லை. இணை சேர்த்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து வாரம். அதனால் “குட்டி இருக்கா?” என்று கேட்டு வருகிறவருக்கு உண்மையான பதில் பெரும்பாலும் “இப்போது இல்லை, பெயர் கொடுத்து வையுங்கள்” என்பதுதான்.

பொழுதுபோக்காக எலி வளர்த்துக் குட்டி எடுக்கிற பலர் இந்தப் பட்டியலை யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று சொல்லும் வரிசையாக மட்டும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முந்திய வேலை ஒன்றுக்கு அது தேவைப்படுகிறது. இந்த ஈத்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதே பட்டியலைப் பார்த்துத்தான். பேசிப் பார்த்து, நம்பிக்கை வந்த வீடுகள் கையில் இல்லாமல் ஆணையும் பெண்ணையும் சேர்த்து விடுவதில்லை. ஒரு ஈத்தில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் சாதாரணம், பதினைந்தைத் தாண்டுவதும் உண்டு. ஐந்து வாரத்திலேயே அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும் என்பதால் அதற்குள் ஆண்களைத் தாயிடமிருந்தும் அக்கா தங்கைகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும். வீடு கிடைப்பது ஒரு மாதம் தள்ளிப்போனால் உங்கள் கையில் இருப்பது ஒரு கூட்டம் ஆண், ஒரு கூட்டம் பெண், நிரம்பி வழியும் இரண்டு கூண்டுகள். ஆண்கள் வளர வளரச் சண்டையும் தொடங்கும்.

சரி, ஒரு ஈத்து எத்தனை வீட்டுக்குப் போதும்? இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமலேயே பலர் பெயர் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பத்துக் குட்டி என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறைக்காக இரண்டை நான் வைத்துக்கொள்வேன். மீதி எட்டு. எலி தனியாக வாழும் பிராணி இல்லை என்பதால் இரண்டிரண்டாகத்தான் தருவேன், அதுவும் ஒரே பாலில். ஆக, எல்லாம் சரியாக அமைந்தால் நான்கு வீடு. ஆனால் ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறக்கும் என்று யார் சொன்னது? ஏழு ஆண், மூன்று பெண் என்று வந்து, நான் இரண்டு பெண்ணை வைத்துக்கொண்டால், மிஞ்சுகிற ஒரு பெண் ஏற்கெனவே பெண் எலிகள் இருக்கும் வீட்டுக்கு மட்டுமே போக முடியும். ஏழாவது ஆணுக்கும் இதே கதை. ஆகவே பத்துக் குட்டி என்றால் மூன்று அல்லது நான்கு வீடு, அவ்வளவுதான்.

இப்போது பட்டியலில் இருபது பெயர் இருந்தால்? ஐந்தாறு ஈத்து வேண்டும். வீட்டில் வைத்துச் சின்ன அளவில் செய்கிறவர் ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈத்துக்கு மேல் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. இருபதாவது ஆளின் முறை வர இரண்டு ஆண்டு ஆகும். செல்ல எலியின் ஆயுளே இரண்டு முதல் மூன்று ஆண்டு! அடுத்த இரண்டு ஈத்துக்குத் தேவையான பெயர்கள் சேர்ந்ததும் நான் பட்டியலை மூடிவிடுகிறேன். நீளமான பட்டியல் பார்க்கப் பெருமையாக இருக்கும், ஆனால் அதில் பாதிப் பேர் வேறு எங்கோ வாங்கிவிட்டு நம்மிடம் சொல்லாமல் இருப்பவர்கள். அதைவிட மோசம், அந்த நீளம் நம்மையே அவசரப்படுத்தும். இவ்வளவு பேர் காத்திருக்கிறார்களே என்று, ஓய்வு கொடுக்க வேண்டிய தாயை மறுபடி சினைப்படுத்தத் தோன்றும். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே பெண் எலி மறுபடி சினைப்படக்கூடியது என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. பிரசவத்துக்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றவில்லை என்றால், பட்டியலில் நீங்கள் எழுதாத ஓர் ஈத்து தானாகவே வந்து நிற்கும்.

பெயர் எழுதும்போது கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கேள்வித்தாள் அனுப்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, என்ன பதில் எழுதினால் குட்டி கிடைக்கும் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடும். “உங்கள் வீட்டில் இப்போது என்னென்ன இருக்கிறது, கூண்டு எங்கே வைக்கப் போகிறீர்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்” என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாலே வேண்டியது வந்துவிடும். கம்பி இடைவெளி பற்றி அவராகவே கேட்டால் நல்ல அறிகுறி. ஆறு வாரக் குட்டி தலை நுழைகிற சந்தில் உடம்பையும் நுழைத்துவிடும், ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கூண்டு இருந்தும் பயனில்லை. எலிக்கு வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவர் யார் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கச் சொல்கிறேன். நாய், பூனை பார்க்கிற எல்லா மருத்துவரும் எலியைத் தொட மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று போதும் என்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். இரண்டு இருந்தால் மனிதரோடு ஒட்டாது என்பது அவர்கள் பயம். நடப்பு வேறு: தோழமையோடு இருக்கிற எலிதான் பயமில்லாமல் கைக்கு வரும். இதை விளக்கியும் ஒன்றுதான் வேண்டும் என்றால் பெயர் எழுதுவதில்லை. பிறந்தநாள் பரிசுக்கு, அதுவும் குறிப்பிட்ட தேதிக்குள் வேண்டும் என்று வருகிறவர்களையும் அப்படித்தான். பாம்புக்குத் தீனியாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எத்தனை கிடைக்கும், எப்போது கிடைக்கும், எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள், ஆணா பெண்ணா என்பதில் அக்கறை இருக்காது. குட்டிக்கு ஒரு தொகை வைப்பதற்கு இதுவும் காரணம். இலவசம் என்றால் யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. பிறக்காத குட்டிக்குப் பணம் வாங்குவதை நான் ஏற்பதில்லை. பணம் வாங்கிவிட்டால், அவர் கேட்ட நிறத்தில், கேட்ட பாலில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது. அப்புறம் தாயின் உடல்நிலை சரியில்லை என்று இணை சேர்ப்பதைத் தள்ளிப்போடவும் கை தயங்கும். குட்டிகள் ஐந்து வாரம் ஆகி, இன்னது இன்னாருக்கு என்று முடிவான பிறகு ஒரு சிறு தொகை வாங்கினால் போதும், சொன்ன நாளில் வந்து வாங்கிப் போக அது உதவும்.

நிறத்துக்கு ஆசைப்படுவது புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் விக்டோரியா மகாராணியின் எலி பிடிப்பவராக இருந்த ஜாக் பிளாக்கே, வித்தியாசமான நிறத்தில் அகப்பட்டவற்றைக் கொல்லாமல் வளர்த்துப் பெருக்கி விற்றிருக்கிறார். ஆசை இருக்கட்டும், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது. காது கீழிறங்கி அகலமாக இருக்கும் டம்போ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காதுள்ள தாயும் தந்தையும் அந்த மரபணுவை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு குட்டியும் டம்போவாகப் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பத்தில் ஐந்தும் வரலாம், ஒன்றுகூட வராமலும் போகலாம். சுருள்முடி ரெக்ஸ் வகை ஆதிக்கப் பண்பு, அதாவது தாய் தந்தையில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளியே தெரிவது, என்பதால் கொஞ்சம் கணிக்கலாம், மீசை சுருண்டிருப்பதை வைத்துப் பிறந்த சில நாளிலேயே கண்டுபிடித்தும் விடலாம். அப்போதும் அது ஆணா பெண்ணா என்பது நம் கையில் இல்லை. பெயர் எழுதும்போது ஒரே ஓர் ஆசையைச் சொல்லச் சொல்கிறேன்: ஆணா பெண்ணா என்பதா, நிறமா, குணமா, எது முக்கியம்? மூன்றும் வேண்டும் என்பவர் நெடுங்காலம் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

குணம் என்று சொல்கிறவர்களுக்குத்தான் வேலை எளிது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு வாரத்தில் கண் திறந்ததும் குட்டிகளின் படத்தைப் போட்டுவிட்டால் அந்த நிமிடமே “எனக்கு அந்த வெள்ளை நெற்றி” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வயதில் எது துணிச்சல், எது பயந்தது என்று ஒன்றும் சொல்ல முடியாது. படம் போடலாம், ஒதுக்கக் கூடாது. நாலு, ஐந்து வாரத்தில் கூண்டுக் கதவைத் திறந்தால் ஒன்று நேராகக் கைமேல் ஏறும், ஒன்று மூலையில் நின்று மூக்கை மட்டும் ஆட்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதலாவது. எலி வளர்த்துப் பழகிய, அமைதியான வீட்டுக்கு இரண்டாவது. இப்படிப் பார்க்கும்போது பட்டியலில் மூன்றாவது இருப்பவர் சிலசமயம் முதலாமவரை முந்துவார். இது நடக்கும் என்று பெயர் எழுதும் அன்றே சொல்லிவிட்டால் வருத்தம் வராது. பின்னால் சொன்னால் அது ஓரவஞ்சனை மாதிரித்தான் கேட்கும்.

சொல்லாமல் விலகுகிறவர்கள் இந்த வேலையின் நிரந்தரத் தலைவலி. பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். அதனால் செய்தி அனுப்பும்போதே “இப்போது வசதிப்படாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த ஈத்துக்குத் தள்ளி வைக்கிறேன்” என்று சேர்த்துவிடுகிறேன். மூன்று நாளில் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். ஒரு தடவை தள்ளிப்போடலாம், இரண்டாம் தடவையும் என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன்.

கொடுக்கும் நாளில் ஒரு காரியத்தை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்: ஒவ்வொரு குட்டியையும் மறுபடி திருப்பிப் பார்த்து ஆணா பெண்ணா என்று உறுதி செய்வது. பிறந்த ஓரிரு நாளிலேயே பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்துப் பிரித்துச் சொல்லலாம், பத்து நாள் வாக்கில் பெண்ணுக்கு முலைக்காம்பு வரிசை தெளிவாகத் தெரியும். இத்தனை வாய்ப்பிருந்தும், இரண்டு பெண் என்று நம்பி வாங்கிப்போன வீட்டில் அடுத்த மாதம் குட்டிகள் கிடப்பது இந்தத் துறையில் அடிக்கடி கேட்கிற செய்தி.

குட்டி போன பிறகு பெயரை அடித்துவிடக் கூடாது. எந்தக் குட்டி, எந்தத் தாய் தந்தை, யாரிடம், எந்தத் தேதி என்பது நிலைத்திருக்க வேண்டும். முதல் காரணம் நோய். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வீட்டில் எலி வளர்த்து விற்ற ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஹன்டா வகையைச் சேர்ந்த சியோல் வைரஸ் என்று தெரிந்தது. எலிகள் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருந்தன, அந்த வைரஸ் அவற்றுக்கு நோயைக் காட்டுவதில்லை. யாரிடமிருந்து வாங்கினார், யாருக்கு விற்றார் என்று 2017இல் சுகாதாரத் துறையினர் சங்கிலியாகப் பின்தொடர்ந்து போனபோது 11 மாநிலங்களில் பாதிப்பு தெரிய வந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் உங்களிடம் இருக்க வேண்டியது அந்தப் பெயர்ப் பட்டியல்தான். அந்த வைரஸைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் மற்ற நோய்கள் பரவாமல் இருக்க, வெளியே போன எலியோ புதிதாக வந்த எலியோ குறைந்தது இரண்டு வாரம் தனிக் காற்றோட்டத்தில், அதாவது மற்ற எலிகளோடு காற்றைப் பகிராத இடத்தில் இருக்க வேண்டும். குட்டி பார்க்க வருகிறவர் அதே நாளில் வேறு எலிகளைத் தொட்டுவிட்டு வந்தால், இன்னொரு நாள் வரச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம் பரம்பரை. செல்ல எலிகளில், மூச்சுக்கோளாறு தரும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இல்லாதது அபூர்வம். சிலவற்றுக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாது, சிலவற்றுக்கு ஒரு வயதிலேயே மூச்சில் கரகரப்பும் மூக்கைச் சுற்றிச் சிவந்த கறையும் வந்துவிடும். பெண் எலிகளுக்கு முலைக்கட்டி வருவதும் சகஜம். நம் வீட்டில் தங்கிய இரண்டைப் பார்த்து மட்டும் இந்தப் பரம்பரை நல்லது என்று சொல்லிவிட முடியாது. மீதி எட்டும் எப்படி இருக்கின்றன என்று ஒரு வயதிலும், அப்புறம் ஒன்றரை வயதிலும் கேட்டால்தான் தெரியும். மூன்று வீட்டிலிருந்து ஒரே மாதிரிப் பதில் வந்தால் அந்த வழியில் குட்டி எடுப்பதை நிறுத்திவிட வேண்டும், அடுத்து எத்தனை பேர் காத்திருந்தாலும்.

திரும்ப எடுத்துக்கொள்வேன் என்ற உறுதியையும் எழுத்தில் கொடுக்கிறேன். எந்த வயதானாலும், எந்தக் காரணமானாலும், வேறு யாருக்கும் தராமல் என்னிடமே கொண்டுவர வேண்டும். இதற்காக ஒரு கூண்டு எப்போதும் காலியாக இருக்கிறது. அதில் எலி வந்துவிட்டால் அடுத்த ஈத்துத் தள்ளிப்போகும்.

இரண்டு ஆண்டு கழித்துச் சிலர் மறுபடி வருவார்கள், வாங்கிய இரண்டில் ஒன்று இறந்து இன்னொன்று தனியாக நிற்கிறது என்று. அவர்களுக்கு முதலிடம் தருகிறேன், ஆனால் குட்டியைத் தர யோசிப்பேன். மூச்சு வாங்குகிற கிழட்டு எலிமேல் ஏறிக் குதிக்கிற இரண்டு குட்டிகள் அதற்குத் துணை இல்லை, தொல்லை. திரும்பி வந்த நடுவயது எலிகளும், குட்டி போட்டு ஓய்ந்த தாய்களும் அங்கே நன்றாகப் பொருந்தும். அவற்றையும் அதே பட்டியலில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைத்திருக்கிறேன், குட்டி கேட்டு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறேன்.