புரொபேஷன், டிரெய்னி, அப்ரண்டிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூரில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால், "இன்னும் கன்ஃபர்ம் ஆகலை அங்கிள், புரொபேஷன்லதான் இருக்கேன்" என்று பதில் வரும். பேச்சுக்கு அது போதும், யாருக்கும் குழப்பம் இல்லை. அதையே தமிழில் எழுத வேண்டி வரும்போதுதான் சிக்கல். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து 'நன்னடத்தைக் காலம்' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அது ஒருவருடைய பேரைக் கெடுக்கக்கூடிய தவறு.

நன்னடத்தைக் கண்காணிப்பு என்பது இங்கே நீதிமன்றத்துச் சொல். குற்றம் செய்தவரை, பெரும்பாலும் இளையரை, சிறைக்கு அனுப்பாமல் ஓர் அதிகாரியின் பார்வையில் 6 மாதத்திலிருந்து 3 ஆண்டுவரை வைத்திருக்கும் உத்தரவு அது. அதற்கான சட்டம் 1951இலிருந்து இங்கே இருக்கிறது. தமிழ்ச் செய்திகளில் அந்தச் சொல்லை அந்தப் பொருளில் படித்துப் பழகியவர்கள் நாம். கணக்காளர் வேலைக்குச் சேர்ந்த பெண் 'நன்னடத்தைக் காலத்தில் இருக்கிறார்' என்று எழுதினால், படிக்கிறவர் மனத்தில் முதலில் என்ன கேள்வி எழும்?

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த வினை இது. மூலம் லத்தீன் 'புரோபாரே': சோதித்துப் பார்ப்பது, சோதித்து நல்லது என்று கண்டுகொள்வது. நீதிமன்றப் பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணி செய்பவர், குடித்ததற்காகப் பிடிபட்ட ஒருவரை 1841இல் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்துத் திருத்திக் காட்டினார், அந்த வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. தமிழில் நாம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறோம். ஒருவருடைய நடத்தையைப் பார்ப்பது நன்னடத்தைக் கண்காணிப்பு, வேலைக்குத் தகுதியானவரா என்று பார்ப்பது தகுதிகாண் பருவம். தமிழ்நாட்டு அரசு ஆணைகளில் இந்தச் சொல்தான் புழங்குகிறது, அந்தப் பருவத்தில் இருப்பவர் தகுதிகாண் பருவத்தினர். நீளமாக இருக்கிறது என்று தோன்றலாம், ஆனால் எதைக் காண்கிறார்கள் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் ஒருவரை நம்புவதும் துன்பம், ஆராய்ந்து எடுத்தபின் சந்தேகப்படுவதும் துன்பம். பாதிக் குறளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, 6 மாதம் முடிந்த பிறகும் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டே போகும் முதலாளிகள் மற்ற பாதியையும் படிக்க வேண்டும்.

கன்ஃபர்ம் ஆவதைப் 'பணி நிரந்தரம்' என்று எழுதுவதும் இங்கே பொருந்தாது. அது தமிழ்நாட்டு அரசுப் பணிச் சூழலில் வந்த சொல். சிங்கப்பூரில் கன்ஃபர்ம் ஆனவரையும் உரிய நோட்டீஸ் கொடுத்து அனுப்ப முடியும், ஆகவே 'பணி உறுதி' என்பதே சரி. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: தகுதிகாண் பருவம் எத்தனை மாதம் என்று வேலை நியமனச் சட்டம் வரையறுக்கவில்லை, அது ஒப்பந்தத்தில் இருப்பது. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலமே எழுதியிருக்காவிட்டால், 26 வாரத்துக்குள் இருப்பவருக்குச் சட்டப்படி 1 நாள்தான். ஆனால் 3 மாதம் வேலை செய்துவிட்டால் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு, இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை என்று சொல்லி அதை மறுக்க முடியாது.

அடுத்தது டிரெய்னி. இதற்குப் பயிற்சியாளர் என்று எழுதுகிறோம், டிரெய்னருக்கும் பயிற்சியாளர் என்றே எழுதுகிறோம், அப்புறம் எப்படி விளங்கும்? ஒரு பயிற்சி நிலையத்தில் 'பயிற்சியாளர் அறை' என்று கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்து சில நாளே ஆன ஒரு தம்பி, பையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அது பாடம் நடத்துகிறவர்கள் தேநீர் குடிக்கும் அறை. "இங்கெல்லாம் உட்காரக் கூடாது" என்று எழுப்பி அனுப்பினார்கள். அவர் எழுதியிருந்ததைச் சரியாகத்தான் படித்தார், எழுதியவர்தான் சரியாக எழுதவில்லை. கற்றுக்கொடுப்பவரைப் பயிற்றுநர் அல்லது பயிற்றுவிப்பாளர் என்றும், கற்றுக்கொள்பவரைப் பயிலுநர் என்றும் எழுதினால் இந்தச் சங்கடமே இல்லை.

அப்ரண்டிஸ் என்பது 'கற்றுக்கொள்' என்ற பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சில் அது அப்ரசண்டி ஆகி, ஒன்றும் தெரியாதவன் என்று திட்டும் சொல்லாகவே மாறிவிட்டது, கற்க வந்தவரைத் திட்ட அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது வருத்தமான விஷயம்தான். கத்துக்குட்டிக்கும் இதே கதி. காற்று காத்து ஆனதுபோல் கற்றுக்குட்டி கத்துக்குட்டி ஆயிற்று, இப்போது அரைகுறை என்ற பொருளில்தான் வருகிறது. அப்ரண்டிஸுக்கு நல்ல தமிழ் தொழிற்பழகுநர். பழகுதல் என்றால் செய்து செய்து கைவரப் பெறுவது, "சித்திரமும் கைப்பழக்கம்" என்கிறோமே, அந்தப் பழக்கம். வெல்டிங்கோ மின்வேலையோ கற்க வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. எழுத்து மட்டும் கவனம்: பழகு, பயிலு, பயிற்று, இயக்கு என்று வினையோடு சேரும்போது '-நர்', ஆகவே பழகுநர். உறுப்பினர் என்பதில் 'ன' வருவது உறுப்பு என்ற பெயர்ச்சொல்லோடு 'இன்' சேர்ந்ததால்.

வெறுமனே புதிதாக வந்தவருக்கு? சிங்கப்பூரில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு, சின்கே. ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் புது விருந்தாளி என்று பொருள். கடனில் கப்பலேறி வந்து, கடனை அடைக்கும்வரை உழைத்த சீனக் கூலிகளை அப்படி அழைத்தார்கள், பழகிப்போனவர் லாவ்கே. அவர்கள் பட்ட பாட்டைக் கவனிக்க 1877இல் இங்கே சீனர் பாதுகாப்பு அலுவலகமே திறக்க வேண்டியிருந்தது. நம் விருந்து என்ற சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் புதுமைதான். தொல்காப்பியம் செய்யுளின் 8 வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்கிறது, புதிதாகப் புனைவது என்ற பொருளில். புதிதாக வந்தவர் என்ற பொருள் வந்து, அதன் பிறகே அவருக்குப் போடும் சாப்பாட்டுக்கும் அந்தப் பெயர் போயிற்று.

இன்று யாரையும் விருந்து என்று பதிவேட்டில் எழுத முடியாது, சரி. கட்டுமான சைட்டில் சொல்லும் 'புது ஆள்' பேச்சுக்கு நல்ல சொல், எழுத்தில் புதியவர் என்றே எழுதலாம். புதுமுகம் சினிமாவோடு ஒட்டிப்போன சொல், அலுவலகச் சுற்றறிக்கையில் அது வேண்டாம்.