விடுதிப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

திருச்செங்கோடு பக்கம் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். விடுதிப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிறன்று மாலை கிளினிக்கில் கூட்டம் நிறைந்துவிடும். பாதிப் பேருக்கு வயிற்றுவலி, மீதிப் பேருக்குத் தலைவலி.

அப்படி வந்த ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டியில் வடக்கே போயிருந்தார். அம்மாவும் அம்மிச்சியும்தான் அழைத்து வந்தார்கள். இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. "பரீட்சைன்னா நடிக்கறானுங்க சார்" என்றார் அம்மா.

அவன் நடிக்கவில்லை. மனம் பதறும்போது குடலின் அசைவு மாறுகிறது. சாதாரண அசைவைக்கூட நரம்புகள் வலியாக உணர்கின்றன. ஸ்கேனில் இது தெரியாது. ஆனால் வலி நிஜம்.

அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "கண்ணு, காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கறே?" என்று கேட்டேன். நாலரைக்கு எழுந்து ஸ்டடி. இரவு படுக்கப் பதினொன்று. ஐந்தரை மணி நேரத் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "அப்பா ராத்திரியெல்லாம் போர் போட்டு ஃபீஸ் கட்டறாருங்க. நான் தூங்குனா தப்புங்களே?"

நம் ஊரில் விசைத்தறியிலும் ரிக்கிலும் உழைத்து ஃபீஸ் கட்டும் வீடுகளில் இந்தக் குற்றவுணர்ச்சியை நிறையப் பார்க்கிறேன். "உனக்காகத்தான் இந்தப் பாடு" என்று நாம் பாசத்தில் சொல்வதைப் பிள்ளை கடனாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படித்தால் படித்ததே நிற்காது. விழித்திருக்கும் நேரத்திலும் ஒரே பாடத்தைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட, இரண்டு தடவை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நன்றாக நிற்கும். அந்த வகையில் தினசரி ஸ்லிப் டெஸ்ட் நல்ல விஷயம். மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிப்பதுதான் கெடுதல்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ நடத்தும் பழக்கம் இருந்ததால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. நீட், ஜேஇஇ இரண்டிலும் இரண்டு வருடப் பாடமும் வரும். அதனால் இப்போது எந்தப் புத்தகம் நடக்கிறது என்று பள்ளியில் நேராகவே கேளுங்கள்.

எடை குறைவது, வாந்தி நிற்காதது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் பதற்றம் என்று விட்டுவிடாமல் பரிசோதனை செய்ய வேண்டும். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

அந்தப் பையனுக்கு ஒரு மாதம் காலை ஸ்டடியிலிருந்து விலக்குக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். வார்டன் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். ஆறு மணி வரை தூங்கினான். ஏழு மணி நேரம்தான், இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவிடம் போனில் பேசினேன். பையனைக் கூப்பிட்டால் முதலில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கேளுங்கள், மார்க் கடைசியில் இருக்கட்டும் என்றேன். "சரிங்க சார்" என்றவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அரையாண்டுக்கு முன்னால் வலி ஒரு தடவை திரும்பி வந்தது. இரண்டே நாளில் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை.