ஒட்டகத்தின் விந்தில் மூளைக்கு ஒரு செய்தி

"மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) மட்டும் போட்டால் போதும். ஒட்டகத்துக்கு ஏன் கூடவே ஹார்மோன் ஊசியும் போடுகிறார்கள்?" கால்நடை மருத்துவம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இனப்பெருக்க அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த கதை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் பசு. சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்தும், கண்ணாடி போல ஒழுக்கு தொங்கும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி. காளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் கருமுட்டை தன் நேரத்துக்கு வெளியே வந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனை விடுகிறது, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனைக் கொட்டுகிறது, சினைப்பையில் முதிர்ந்திருக்கும் ஃபாலிக்கிள் (கருமுட்டை இருக்கும் நீர்ப்பை) வெடிக்கிறது. பள்ளியில் படித்ததுதான்.

ஒட்டகமும், அதன் தென்னமெரிக்க உறவுகளான லாமா, அல்பாகாவும் இப்படி இல்லை. ஃபாலிக்கிள் வளர்ந்து காத்திருக்கும். இணை சேராவிட்டால் கருமுட்டையை விடாமலே சுருங்கிவிடும். பூனையும் முயலும் இதே வகைதான். இணைசேரும்போது உண்டாகும் உராய்வை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன என்பதே வெகுகாலம் இருந்த விளக்கம். ஒட்டகத்துக்கும் அதையே பொருத்திப் பார்த்தார்கள்.

1985-இல் சீன ஆய்வாளர்கள் இரட்டைத் திமில் ஒட்டகங்களை இணைசேர விடாமல், விந்தை மட்டும் உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். கருமுட்டை வெளிவந்தது. அப்படியென்றால் வேலையைச் செய்வது விந்தில் இருக்கும் ஏதோ ஒன்றா?

20 ஆண்டு கழித்து கனடாவின் கிரெக் ஆடம்ஸ், சிலியின் மார்செலோ ராட்டோ, பெருவின் ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த சோதனையை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. விந்திலிருந்து விந்தணுக்களைப் பிரித்து நீக்கிவிட்டு, மிஞ்சிய நீர்மத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பெண் அல்பாகாக்களுக்குத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். இனப்பெருக்க உறுப்பை யாரும் தொடவே இல்லை. 14 அல்பாகாக்களில் 13 கருமுட்டையை விட்டன. உப்புநீர் ஊசி போட்டவற்றில் ஒன்றுகூட விடவில்லை. உராய்வுதான் காரணம் என்ற விளக்கம் அத்தோடு ஆட்டம் கண்டது. அந்த நீர்மத்தில் இருக்கும் பொருள் இரத்தத்தில் ஏறி, தொலைவில் இருக்கும் ஒரு உறுப்பை இயக்குகிறது. அதாவது, ஓர் உடலில் சுரந்தது இன்னோர் உடலில் ஹார்மோனாக வேலை செய்கிறது!

அப்போது உராய்வுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அதே நீர்மத்தைக் கருப்பைக்குள் மெதுவாகச் செலுத்தியபோது பலன் இல்லை. உட்சுவரைச் சற்றுச் சுரண்டிவிட்டுச் செலுத்தினால் பலன் கூடியது. லாமாக்கள் பெட்டையை மண்டியிட்டு உட்காரவைத்து இருபது நிமிடத்துக்கு மேலும் இணைசேரும். விந்து நேரே கருப்பைக்குள் போகும், உட்சுவரும் சிராய்ந்து சிவந்துவிடும். அந்தச் சிராய்ப்பின் வழியே பொருள் இரத்தத்தில் எளிதாக ஏறுகிறது.

சரி, அந்தப் பொருள் எது? 2012-இல் விடை கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் அதன் வடிவத்தைப் பார்த்தால், அது ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒரு புரதம்: நரம்பு வளர்ச்சிக் காரணி. இத்தாலியின் ரீட்டா லெவி-மோன்டால்சினி 1950-களில் அமெரிக்காவில் கண்டறிந்தது. யூதர் என்பதால் முசோலினியின் இனச் சட்டம் பல்கலைக்கழகக் கதவை மூடியபோது, டூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக்கருக்களை ஆராய்ந்தவர் அவர். பிறகு ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து அதே காரணியைப் பாம்பு விஷத்திலும் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஏராளமாகக் கண்டார். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு. நரம்பை வளர்க்கும் புரதத்துக்கு உமிழ்நீர்ச் சுரப்பியில் என்ன வேலை என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்? உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சி நிதியை மறுக்கும் குழுக்கள் இந்தப் புரதத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

விந்தில் இருக்கும் இந்தப் புரதம் சினைப்பையை நேராகத் தட்டி எழுப்புவதாகத் தெரியவில்லை. ஜி.என்.ஆர்.எச்.-ஐத் தடுக்கும் மருந்தை லாமாவுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் எல்.எச். ஏறுவதில்லை. ஆக, செய்தி மூளை வழியாகத்தான் போகிறது. ஆனால் இவ்வளவு பெரிய புரதம் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டுவது கடினம். ஹைப்போதலாமஸின் அடியில், அந்தத் தடுப்பு தளர்ந்திருக்கும் ஓரிடத்தில்தான் ஜி.என்.ஆர்.எச். நரம்புகளின் நுனிகள் முடிகின்றன. ஆய்வாளர்களின் பார்வை இப்போது அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. கருமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியும் இந்த நீர்மத்தால் வலுப்பெறுகிறது. கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் கூடுதலாகச் சுரக்கிறது. தானாகவே கருமுட்டை விடும் பசுவின் இணையான காளையின் விந்திலும் இதே புரதம் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். சினை ஊசியில் போவது நீர்த்த, அளவில் குறைந்த விந்து. கருப்பையின் உட்சுவரும் சிராய்வதில்லை. ஒட்டகத்தின் மூளைக்குச் செய்தி போய்ச் சேராது. அதனால்தான் ஜி.என்.ஆர்.எச். ஊசி போட்டு அந்த வேலையை மருத்துவர் செய்கிறார். இந்தியாவில் 2012-இல் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் 2.5 லட்சமாகக் குறைந்துவிட்டன. 13 மாதம் சுமக்கும் விலங்கு அது. ஒரு பருவம் தவறினால் இழப்பு பெரிது. பிகானேரில் ஒட்டகத்துக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தத் துறைக்கு அங்கே தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.