"எங்க குடும்பத்துல யாருக்குமே இது இல்லையே டாக்டர்"

நான் பேத்தாலஜிஸ்ட், அதாவது பயாப்ஸி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர். நோயாளிங்க எங்களை நேர்ல பாக்குறது கம்மி, ஆனா வர்றவங்க அடிக்கடி கேக்குறது மேல தலைப்புல இருக்குற கேள்விதான். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. மார்புல கட்டி இருக்குறது எட்டு மாசமா தெரியும், வலி இல்ல, பரம்பரையிலயும் யாருக்கும் இல்ல, அப்புறம் எப்படி கேன்சரா இருக்கும்னு விட்டுட்டாங்க. அவங்களுக்கு அன்னைக்கு சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

ஜீன்னு சொன்னாலே நமக்கு அப்பா மூக்கு, பாட்டி முடின்னுதான் ஞாபகம் வருது. அது மட்டும் இல்லங்க. இப்போ இந்த நிமிஷம் உங்க உடம்புல கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஜீன் வேலை பாத்துக்கிட்டு இருக்கு, எந்த புரோட்டீனை எப்போ செய்யணும், எப்போ ரெண்டா பிரியணும், எப்போ நிறுத்தணும், எப்போ சாகணும்னு எல்லாத்துக்கும் அங்கதான் உத்தரவு இருக்கு. கையில வெட்டுக்காயம் பட்டா ஓரத்துல இருக்குற செல்லுங்க பிரிஞ்சு பிரிஞ்சு இடத்தை மூடும், மூடினதும் தானா நின்னுடும். அந்த நின்னுடும்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

செல் பிரியும்போது ஜீனுங்க இருக்குற 46 குரோமோசோமையும், அதாவது கிட்டத்தட்ட 600 கோடி டிஎன்ஏ எழுத்தையும், அப்படியே காப்பி எடுக்கணும். காப்பி எடுத்தா பிழை வரும். பெரும்பாலானதை செல்லே திருத்திக்கும், திருத்த முடியலன்னா பி53-ன்னு ஒரு காவல்கார ஜீன் அந்த செல்லை நிறுத்தி வைக்கும், இல்லன்னா சாகடிச்சுடும். சுமார் பாதி கேன்சர்கள்ல இந்த பி53 ஜீனே கெட்டுப்போயிருக்கு.

இப்போ பரம்பரை விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி தடுக்குற ஜீன் ஒவ்வொண்ணும் நம்மகிட்ட ரெண்டு இருக்கு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. 1971-ல ஆல்ஃப்ரெட் நட்சன்ங்கிற டாக்டர் குழந்தைங்களுக்கு வர்ற கண் கேன்சரை ஆராய்ஞ்சப்போ ஒண்ணு கவனிச்சார், பரம்பரையா வர்ற குழந்தைங்களுக்கு சீக்கிரமே வருது, பெரும்பாலும் ரெண்டு கண்ணுலயும் வருது, மத்த குழந்தைங்களுக்கு கொஞ்சம் தாமதமா ஒரு கண்ணுல மட்டும் வருது. ஏன்னா முதல் வகையில ஒரு ஜீன் பிறக்கும்போதே கெட்டுப்போயிருக்கு, மிச்சம் இருக்குற ஒண்ணு கெட்டா போதும். ரெண்டாவது வகையில ஒரே செல்லுல ரெண்டுமே வாழ்நாள்ல கெடணும். ஆக பரம்பரைங்கிறது ஒரு படி முன்னாடி நிக்கிறது, அவ்வளவுதான். மொத்த கேன்சர்ல 5-லேர்ந்து 10 சதவீதம்தான் அந்த மாதிரி. மீதி எல்லாம் பிறந்ததுக்கு அப்புறம் ஏதோ ஒரு செல்லுல சேர்ந்த பிழைங்க, வயசு, சிகரெட் புகை, வெயில், கர்ப்பப்பை வாய் கேன்சரை உண்டாக்குற எச்பிவி வைரஸ்னு காரணம் பல. இந்த எச்பிவி பி53 புரோட்டீனையே அழிச்சுடும், அதனாலதான் அதுக்கு ஊசி போட்டுக்கச் சொல்றோம்.

அந்த அம்மாவோட ஸ்லைடை திரும்ப வச்சு அவங்களுக்கே காட்டினேன். ஓரத்துல கொஞ்சம் நல்ல திசு இருந்துச்சு, கத்திரிப்பூ கலர்ல உட்கருங்க ஒரே அளவுல வளையமா வரிசையா இருக்கும், பிரியுற செல்லை தேடித்தான் பாக்கணும். ஸ்லைடை கொஞ்சம் நகர்த்தினா கட்டி. உட்கரு பெருசும் சின்னதுமா, கருகருன்னு, பாக்குற இடத்துல எல்லாம் பிரியுற செல். அதுல ஒண்ணு, ரெண்டு பக்கமா இழுக்க வேண்டிய குரோமோசோமை மூணு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு, ஒரு துணியை மூணு பேர் பிடிச்சு இழுக்குற மாதிரி. அப்படி பிரிஞ்சா எந்த செல்லுக்கும் கணக்கா 46 போய்ச் சேராது. செல்லுங்க எப்படி இருக்குன்னு பாத்து, இப்படி பிரியுற செல்லையும் எண்ணித்தான் கிரேடு, அதாவது கட்டி எவ்வளவு மோசமான வகைன்னு, போடுறோம். ரிப்போர்ட்ல கேஐ-67 30 சதவீதம்னு பாத்துட்டு உடம்புல 30 சதவீதம் பரவிடுச்சுன்னு அழுதவங்க உண்டு, தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க, நூறு கேன்சர் செல்லை எண்ணினா முப்பது பிரியுற ஓட்டத்துல இருக்குன்னுதான் அர்த்தம்.

இன்னொண்ணு, கேன்சர் செல் எப்பவும் படுவேகமா பிரியும்னு இல்ல. குடலோட உள்பக்க செல்லுங்க நாலஞ்சு நாளுக்கு ஒரு தடவை புதுசாகுது, பல கட்டிங்க அதைவிட மெதுவு. ஆனா குடல்ல கணக்கு இருக்கு, கட்டியில நிறுத்தம் இல்ல. ஒரு சென்டிமீட்டர் கட்டியில சுமார் 100 கோடி செல் இருக்கும், ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி முப்பது தடவை போல இரட்டிச்சாதான் அவ்வளவு வரும், பல கட்டிகளுக்கு அதுக்கே வருஷக்கணக்குல ஆகும். அத்தனை நாளும் வலிக்காம இருக்கலாம். வலி இல்லாத கட்டின்னா விட்டுடலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

எல்லாம் கேட்டுட்டு "அப்போ என் பொண்ணுக்கு வராதுல்ல?"ன்னாங்க. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2-ன்னு ரெண்டு ஜீன் மார்பு, சினைப்பை கேன்சரை குடும்பத்துல கொண்டு வரும், அது அப்பா வழியாவும் வரும்மா, உங்க அப்பா பக்கம் யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஒரு அத்தை இருந்தாங்க, நாப்பது வயசுக்குள்ள அடிவயித்துல கட்டி வந்து போயிட்டாங்க, அது என்ன கட்டின்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல" அப்படின்னாங்க. அதை ஒரு சீட்டுல எழுதி, ஜீன் டெஸ்ட் பத்தி கேளுங்கன்னு சொல்லி அவங்க டாக்டர்கிட்ட குடுக்கச் சொன்னேன்.