மூன்று சிறுத்தை ஒன்றாக வந்தால் அது கூட்டமா?

பேரணாம்பட்டுப் பக்கம் மலையடியில் மாந்தோப்பு வைத்திருக்கும் மாமா போன வாரம் போன் பண்ணினார். "டேய், மூணு சிறுத்தை ஒண்ணா போச்சுடா, இனிமே கூட்டமாதான் வரும் போல." குரலிலேயே பயம் தெரிந்தது. போர் தண்ணீர்த் தொட்டி ஓரம் சேற்றில் பதிந்த கால்தடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நாய்க்கு நகம் பதியும், இதில் நகமே இல்லை, ஏனென்றால் சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று தடமும் ஏறக்குறைய ஒரே அளவு.

அநேகமாக அது ஒரு தாயும் வளர்ந்த இரண்டு குட்டிகளும்தான். குட்டிகள் ஒன்றரை, சில சமயம் இரண்டு வயது வரைக்கும் அம்மா கூடவே திரியும், அந்தக் கடைசி மாதங்களில் டார்ச் வெளிச்சத்தில் அம்மா எது பிள்ளை எது என்று சொல்லவே முடியாது. அப்புறம் தனித்தனியாகப் போய்விடும்.

ஏன் போக வேண்டும்? எல்லாம் சாப்பாட்டுக் கணக்கு. சிறுத்தை புதர் மறைவில் வயிறு தரையில் உரச நகர்ந்து, கிட்டத்தில் வந்ததும் பாயும் மிருகம், துணைக்கு இன்னொன்று வந்தால் சருகுச் சத்தம்தான் கூடும். பிடிப்பதும் நாய், ஆடு, குரங்கு, முயல். பங்கு போட்டால் யாருக்கும் வயிறு நிறையாது.

சிங்கத்தின் கதை வேறு. ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு எருமையைச் சாய்த்தால் பல வயிறு நிறையும், ஆனால் வெட்டவெளியில் கழுதைப்புலிக்கும் தெரிந்துவிடும், காவலுக்கு ஆள் வேண்டும். வெளி ஆண் சிங்கம் வந்தால் குட்டிகளைக் கொன்றுவிடும், அதற்கும் ஆள் வேண்டும். அதனால்தான் அக்கா, தங்கை, சித்தி, மகள் என்று பெண்கள் சேர்ந்து வாழ்ந்து, ஒருத்தி குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுக்கிறாள். இதே சிங்கம் குஜராத்தின் கிர் காட்டில் சின்ன இரையான புள்ளிமானை அதிகம் நம்பியிருக்கிறது. அங்கே கூட்டமும் சிறியது, ஆண்கள் பெரும்பாலும் பெண்களை விட்டுத் தனியாகத்தான் திரிகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: சாப்பாடு மாறினால் குடும்பமே மாறுகிறது.

வேலூர் மீன் மார்க்கெட் பக்கம் பூனைகளைப் பாருங்கள். நம் வீட்டுப் பூனையின் மூதாதை தனியாக எலி பிடித்துத் திரிந்த காட்டுப்பூனை. மீன் கழிவு தினமும் ஒரே இடத்தில் குவிந்தால் தாயும் மகள்களும் அங்கேயே தங்கி, குட்டிகளைச் சேர்ந்து வளர்க்கும்.

அதற்காகச் சிறுத்தை உறவே தெரியாதது என்று நினைக்க வேண்டாம். மரத்தில் சிறுநீர் பீய்ச்சும், பட்டையைக் கீறும், கன்னத்தைத் தேய்க்கும். அந்த வாசனையிலேயே வந்தது ஆணா, பெண்ணா, இணைசேரத் தயாரா என்று அடுத்தது தெரிந்துகொள்ளும். மகள் பெரும்பாலும் தாய்க்குப் பக்கத்து இடத்தைத்தான் பிடிக்கும், ஓர் ஆணின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெண்களின் எல்லை அடங்கும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, பசங்க எப்ப பிரியும்?" என்று கேட்டார். இந்த உருவத்துக்கு வந்துவிட்டால் இன்னும் சில மாதம்தான், அதுவரை ஆடுகளைப் பொழுது சாயும் முன்பே கொட்டாயில் அடைத்துக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.